விளம்பரக் கிளிக் மோசடி என்றால் என்ன?

இணைய விளம்பரத்தை மனிதர் யாரும் பார்க்காமலே, பார்த்ததாகவோ தட்டியதாகவோ கணக்குக் காட்டி விளம்பரதாரரிடம் பணம் கறப்பதுதான் இது. தலைக்கு இவ்வளவு என்று பேசி லாரியில் ஆள் ஏற்றிவந்து கட்சிக் கூட்டத்தை நிரப்புகிறார்களே, கிட்டத்தட்ட அதே வேலை, ஆனால் இங்கே லாரியில் ஆளே இல்லை!

ஏன் நடக்கிறது என்றால், விளம்பரக் காசு எண்ணிக்கையை வைத்துத்தான் கைமாறுகிறது, பார்த்தது மனிதனா கணினி நிரலா என்று ஒவ்வொன்றாக யாரும் போய்ப் பார்ப்பதில்லை, நடுவில் இருக்கும் தரகு நிறுவனங்களுக்கும் எண்ணிக்கை கூடினால் கமிஷன் கூடும், அப்புறம் யார் துருவிக் கேட்பார்கள்?

மெத்பாட் என்ற வழக்கைப் பாருங்கள். அமெரிக்கா உள்ளிட்ட இடங்களில் 1,900-க்கும் அதிகமான சர்வர்களை வாடகைக்கு எடுத்து, பிரபலமான தளங்களின் பெயரில் போலிப் பக்கங்களைக் காட்டி, நிரல்களையே 'பார்வையாளர்' ஆக்கினார்கள். அந்த நிரல்கள் மவுஸை நகர்த்தின, பக்கத்தை உருட்டின, வீடியோவைப் பாதியில் நிறுத்தவும் செய்தன (நடிப்பில் குறையே இல்லை). இதை நடத்திச் சுமார் 70 லட்சம் டாலர் சுருட்டிய ரஷ்யர் ஒருவருக்கு 2021-இல் 10 ஆண்டு சிறை.

சிலர் நினைப்பதுபோல, போனில் தவறுதலாக விளம்பரத்தின் மேல் உங்கள் விரல் பட்டுவிட்டால் அது மோசடி ஆகாது, ஏமாற்றிக் காசு பார்க்கும் நோக்கம் இருந்தால்தான் மோசடி.