கதவுக்குப் பின்னால் பால் கணக்கு

அன்புள்ள ஐயா,

மேற்கு மாம்பலத்தில் பழைய வீடு ஒன்று வாங்கினோம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச்சுவர். தெருவே அப்படி ஒட்டினாற்போல் போகும். அடுத்த மாதம் இடிக்கிறோம். கூடத்துக் கதவுக்குப் பின்னால் பென்சிலில் பால் கணக்கு. நிலையில் உயரக் கோடுகள், மேலே 'பாபு' என்று எழுதியிருக்கிறது. வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் நாலு பெயர் வந்தது, பாபு இல்லை. யார் இருந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ர.

அன்புள்ள ர.,

வில்லங்கத்தில் பாபு வரமாட்டான். அது வாங்கியவர், விற்றவர், அடமானம் வைத்தவர் கணக்கு. மாத வாடகைக்கு இருந்தவர்களுக்குப் பத்திரம் ஏது? திருவல்லிக்கேணியில் ஒரே கிணற்றடியைப் பங்கு போட்டுக்கொண்ட நாலு குடித்தனத்தில் நாங்களும் ஒன்று. பதினோரு வருஷம் இருந்தோம். அந்த வீட்டின் எந்தக் காகிதத்திலும் நாங்கள் இல்லை.

பழைய வாக்காளர் பட்டியல் கிடைத்தால் பாருங்கள். கதவு எண் வரிசையில் இருக்கும், குடியிருந்தவர்கள் வருவார்கள். பழைய எண், புதிய எண் குழப்பம் உங்களுக்கும் காத்திருக்கிறது. 1989 வரை ஓட்டு வயது 21. தேட வேண்டியது பாபுவின் அப்பாவை. பக்கத்து வீட்டுக்காரரின் மூலப்பத்திரத்தையும் கேட்டுப் பாருங்கள். நான்கெல்லை சொல்லும் இடத்தில் 'இன்னார் வீட்டுக்குக் கிழக்கு' என்று உங்கள் வீட்டின் அந்தக்கால உரிமையாளர் அகப்படலாம். வாடகை வாங்கியவர் யாரென்று தெரிந்தால், கொடுத்தவரை அந்தக் குடும்பத்தாரிடம் விசாரிக்கலாம்.

பால் கணக்கு அணாவிலா, பைசாவிலா? நீங்கள் எழுதவில்லை, எனக்கோ அதுதான் முதல் கேள்வி. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அணா என்றால் அநேகமாக அதற்கு முன். எழுதியது பழக்கம் விடாத பாட்டி என்றால் இரண்டு மூன்று வருஷம் தள்ளிக்கொள்ளுங்கள்.

அண்ணாந்தும் பாருங்கள். மரக்கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், சாய்வாக அடுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். மேலே சுண்ணாம்பு ஜல்லி கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். இப்போது அதைப் போடத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம். இடிப்பதற்கு முன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

இடிக்க வருகிறவர் தேக்கு நிலையைத்தான் முதலில் கழற்றுவார். பேரம் பேசும்போதே அந்த ஒரு நிலை எனக்கு என்று சொல்லிவிடுங்கள். இழைக்கக் கொடுத்துவிடாதீர்கள்.