சென்னைக்கு பைக்கோடு போகிறேன், ஊர்ப்பெயர்களும் டிராபிக்கும் எப்படி இருக்கும்?

வேலை மாற்றலாகி பைக்கோடு சென்னைக்குப் போகிறேன், அங்கே இடங்களின் பெயரைச் சொல்லும் விதமே வேறாமே, வண்டி ஓட்டுவதும் பயமாக இருக்குமாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருநெல்வேலிக்காரன். பைக்கை ரயிலில் பார்சல் போட்டுவிட்டு எழும்பூரில் வந்து இறங்கியவன், அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் வாரமே செங்குன்றம் போக வேண்டியிருந்தது. டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, செங்குன்றத்துக்கு எப்படிப் போகணும்?" என்றேன். வடையும் கையுமாக நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெட்டில்ஸா? அப்டி கேளு. நேரா போய்க்கினே இரு" என்றார். ரெட் ஹில்ஸ்தான் ரெட்டில்ஸ். அது போக வழியில் ரெட்டேரி என்று ஒன்று வரும், அது வேறு இடம், காதில் சரியாக வாங்கிக்கொள்ளாமல் நான் அங்கேயே இறங்கி நின்றது தனிக் கதை.

இங்கே பலகையில் ஒரு பெயர் இருக்கும், வாயில் ஒரு பெயர் இருக்கும். பலகை அண்ணா சாலை என்று சொல்லும், ஜனங்கள் மவுண்ட் ரோடு என்பார்கள். ஜெமினி ஸ்டூடியோ போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, மேம்பாலத்துக்கு அண்ணா பெயரும் வைத்தாகிவிட்டது, இன்னமும் ஜெமினிதான். உதயம் தியேட்டரை 2024இல் மூடினார்கள், வழி சொல்பவர்கள் மூடவில்லை. பஸ்காரர் பாரிஸ் என்று கூவினால் பயப்பட வேண்டாம், தாமஸ் பாரி என்ற வெள்ளைக்கார வியாபாரியின் பெயரில் வந்த பாரிஸ் கார்னர் அது, பிராட்வே என்பதும் அந்தப் பக்கம்தான். தியாகராய நகர் என்று முழுசாகச் சொன்னால் ஊருக்குப் புதுசு என்று உடனே தெரிந்துவிடும், டி.நகர் போதும். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு எழுத்தை முழுங்கிவிட்டு சிந்தாரிப்பேட்ட என்பார்கள், புரசைவாக்கம் புரசவாக்கம் ஆகும்.

போனில் வழி சொல்லும் குரலை மட்டும் நம்பாதீர்கள். அது இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துப் படிக்கிறது, தண்டையார்பேட்டையை அது சொன்னால் தண்டையார்பேட்டைக்காரருக்கே புரியாது. இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றலாம் என்று 2020இல் அரசாங்கம் 1,018 ஊர்ப்பெயர்களுக்கு ஆணை போட்டது. எப்படி எழுதுவது என்று வந்த சண்டையில், ஆணை வெளியே தெரிந்த சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எழும்பூர் இங்கிலீஷில் மறுபடி எக்மோரே ஆனது.

அப்புறம் ழகரம். பழைய மெட்ராஸ் பேச்சில் அது பெரும்பாலும் யகரமாகிவிடும். கீழே என்பது கீய, மழை என்பது மய. சில சொற்களில் ஸகரமும் ஆகும், "இழுத்துக்கொண்டு" என்பது "இஸ்துகினு". ரோட்டில் இதுதான் முதலில் உங்கள் காதில் விழும், ஏனென்றால் பின்னால் மீன்பாடி வண்டியில், அதாவது மோட்டார் வைத்த மூன்று சக்கரத் தட்டு வண்டியில், வருகிறவர் "வயி உடு, வயி உடு" என்பார். வழி விடு என்கிறார், ஒதுங்குங்கள். நீங்கள் சட்டென்று குறுக்கே திரும்பினால் "ஊட்ல சொல்ட்டு வந்துட்டியா?" என்று கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்லக் கூடாது. திட்டியவர் அடுத்த சிக்னலில் உங்கள் பக்கத்தில் வந்து நின்று அட்ரஸ் கேட்பார், அவ்வளவுதான் அந்தக் கோபம்.

ஓட்டுவதைப் பற்றி. இண்டிகேட்டரைப் பார்க்காதீர்கள், முன்னால் போகிற வண்டியின் முன் சக்கரத்தைப் பாருங்கள். ஆட்டோவுக்கு இண்டிகேட்டர் என்பது டிரைவரின் கால். இடது பக்கம் ஒரு பாதம் வெளியே நீண்டால் ஆட்டோ அந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று அர்த்தம். அதே காலால் பக்கத்தில் பழுதாகி நிற்கும் இன்னொரு ஆட்டோவை உந்தித் தள்ளிக்கொண்டே கிலோமீட்டர் கணக்கில் போவதையும் பார்ப்பீர்கள், அந்த நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் பைக்கை நுழைக்க வேண்டாம். பஸ் ஓரம் வந்து நிற்கும் என்று நம்பி இடது பக்கம் ஏறுவதும் தப்பு, நடு ரோட்டிலேயே ஆள் இறங்குவார்கள். ஹார்ன் அடித்தால் திட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், "நான் இங்கே இருக்கிறேன்" என்கிறார்கள். சிக்னலில் இன்னும் 5 நொடி பாக்கி இருக்கும்போதே பின்னால் மொத்தமாக அடிப்பார்கள், அதற்குத்தான் எனக்கே அர்த்தம் தெரியவில்லை.

வெயில் காலத்தில் ஒரு வேடிக்கை. சிக்னல் சிவப்பு, கோட்டுக்கு முன்னால் ரோடு காலியாகக் கிடக்கும், பைக்குகள் எல்லாம் நாற்பது அடி தள்ளி மரத்து நிழலில் நிற்கும். முதல் தடவை காலி இடத்தைப் பார்த்து நான் பெருமையாக முன்னே போய் நின்றேன், மண்டை காய்ந்ததுதான் மிச்சம். 2024 கோடையில் மாநகராட்சியே சில சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டுவிட்டது.

மழை என்றால் சப்வே, அதாவது சுரங்கப்பாதை, பக்கமே போகாதீர்கள். மற்ற ரோட்டில் தண்ணீர் நின்றால், முன்னால் போன பைக்கின் புகைக்குழாய் முங்குகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வேளச்சேரிக்காரர்கள் கனமழை எச்சரிக்கை வந்தாலே காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிடுகிறார்கள். வெளியூர்க்காரனுக்கு அது வேடிக்கை, ஒரு தடவை கார் முங்கியவருக்குத்தான் அது தெரியும்.

கத்திபாரா மேம்பாலத்தில் ஒரு வளைவைத் தவறவிட்டால் நடுவில் நின்று யோசிக்காதீர்கள், போகிற ரோட்டிலேயே போய்த் திரும்பி வாருங்கள், தாமதம் பத்து நிமிஷம்தான். ஹெல்மெட் பின்னால் உட்காருபவருக்கும் வேண்டும், இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பினால் மட்டும் கவலை வேண்டாம், முன்பின் தெரியாத நாலு பேர் துரத்தி வந்து "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று கத்துவார்கள்.

ஆபீஸ் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் ரோடு) என்றால் மெட்ரோ வேலையால் போக்குவரத்தை அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள், கமெண்டில் சொல்லுங்கள், நான் போகும் வழியை எழுதுகிறேன்.