ஐசியு வாசல்ல நிக்கிறவங்க கேட்ட நாலு கேள்வி

நாகர்கோவில்ல ஐசியு டாக்டரா இருக்கேன். இந்த வாரம் வந்ததுல நாலு கேள்விக்கு பதில் சொல்றேன்.

குளச்சல்ல இருந்து: அப்பாக்கு நிமோனியா, வென்டிலேட்டர எடுத்து ரெண்டு நாளாச்சு. நேத்து ராத்திரில இருந்து நர்ஸு கொல்ல வாறாங்கன்னு கத்துறாரு. மூளை போயிருச்சா டாக்டர்?

இல்லம்மா, பயப்படாதீங்க. இதுக்கு பேரு டெலிரியம், அதாவது உடம்பு முடியாதப்ப திடீர்னு வர்ற புத்திக் குழப்பம், வென்டிலேட்டர்ல கிடந்தவங்களுக்கு, அதுலயும் வயசானவங்களுக்கு ரொம்ப சகஜமா வர்றது. கிருமித் தொற்று, தூக்கத்துக்கு குடுத்த மருந்து, ராத்திரி பகல் தெரியாத லைட்டு, ரத்தத்துல சோடியம்ங்கிற உப்பு குறையிறது, குடிக்கிறவரா இருந்தா திடீர்னு நின்னு போனது, இப்படி பல காரணம் இருக்கும், எதுன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணணும். அதனால அப்பா தினம் எவ்வளவு குடிப்பாருன்னு டாக்டர்ட்ட மறைக்காம சொல்லிடுங்க, இங்க வெக்கப்பட்டா அவருக்குத்தான் ஆபத்து. எங்கிட்ட ஒரு மீன்பிடிக்கிற தாத்தா இருந்தாரு, டிரிப்ஸ் டியூபை வலைக்கயிறுன்னு நெனச்சு விடிய விடிய இழுத்துட்டே இருந்தாரு, காலைல மக வந்து கண்ணாடிய மாட்டிவிட்டு, "அப்பா, இன்னைக்கு செவ்வாக்கிழம, நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்"ன்னு மெதுவா சொல்லவும் கை தானா தளந்துது. நீங்களும் கண்ணாடி, காது மெஷின் இருந்தா கொண்டு போங்க, அவர்ட்ட தர்க்கம் பண்ணாதீங்க. இன்னொண்ணு, கத்துறவங்கள எல்லாரும் கவனிப்பாங்க, எதுவும் பேசாம வெறிச்சுப் பாத்துட்டு கிடக்கிறதும் டெலிரியமா இருக்கலாம், அதத்தான் நாங்களே பல நேரம் விட்டுடுறோம், அப்படி தெரிஞ்சா நீங்க சொல்லுங்க.

தக்கலை: அண்ணனுக்கு ஆக்சிடென்ட், பத்து நாளா வென்டிலேட்டர். கழுத்துல ஓட்டை போடணும்னு கையெழுத்து கேக்காங்க. அவ்வளவுதானா?

கைவிட்டதுனால கேக்கல. வாய்வழியா டியூப் ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு மேல தேவைப்படும்னா கழுத்துவழி மாத்துறது வழக்கம், மயக்க மருந்த குறைக்கலாம், சளி எடுக்க லேசு, உக்கார வைக்கலாம். ஆரம்பத்துல சத்தம் வராது, ஏன்னா காத்து குரல்வளை பக்கம் போகாது. தேவை முடிஞ்சு டியூப எடுத்தா ஓட்டை பெரும்பாலும் தானா மூடிடும்.

மார்த்தாண்டம்: அம்மாக்கு கிட்னி ஃபெயிலியர், ஐசியு-ல இருக்காங்க. வீட்டு இளநீ ரெண்டு கொண்டு போலாமா?

வேண்டாம். இளநீல பொட்டாசியம் ஜாஸ்தி, கிட்னி வேல செய்யாத ஆளுக்கு அது ஏறினா நெஞ்சுத் துடிப்பே நின்னுடலாம். டாக்டர்ட்ட கேக்காம ஒரு வாய்கூட குடுக்காதீங்க.

குலசேகரம்: தாத்தாக்கு கேன்சர் முத்திடுச்சு, இனி மெஷின் வேண்டாம்னு அவரே முன்ன சொன்னாரு. இப்பம் நாங்க நிறுத்தச் சொன்னா அது பாவமில்லையா, கேஸ் ஆகுமா?

2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டு, மீள முடியாத நோயாளிக்கு உயிர்காக்கும் மெஷின நிறுத்துறதும், அத முன்னாடியே எழுதி வைக்கிறதும் சட்டப்படி சரின்னு சொல்லிடுச்சு, 2023-ல அந்த நடைமுறைய இன்னும் எளிசாக்கினாங்க. எழுதி வைக்கலன்னாலும் வழி இருக்கு, ஆனா குடும்பமோ டாக்டரோ தனியா முடிவெடுக்க முடியாது, ரெண்டு மருத்துவக் குழு பாத்து ஒத்துக்கணும். பாவமான்னு கேட்டீங்க. அவர் வாயாலயே சொன்னத நீங்க கேக்கிறீங்க, அது பாவமா எனக்குத் தோணல. மெஷின நிறுத்தினாலும் வலிக்கும் மூச்சு முட்டலுக்கும் மருந்து நிக்காது, நாங்க அவர விட்டுப் போயிட மாட்டோம். அவர் என்ன சொன்னாரு, யார் முன்னால சொன்னாருன்னு வீட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசிட்டு, நாளைக்கே டாக்டர்ட்ட நேரா கேளுங்க.