நாஸில் வால்யூமை எத்தனையாகப் பிரிப்பது?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் 14 பேர். 4 டிபி டிஸ்க் நான்கு போட்டு ஒரு நாஸ் (எல்லோரும் நெட்வொர்க் வழியாக ஃபைல் வைத்து எடுக்கும் டிஸ்க் பெட்டி) வாங்கியிருக்கிறோம். பொதுவான அலுவலக ஃபைல்களுக்கு ஒரே வால்யூம் (டிஸ்க் இடத்தில் வெட்டி எடுக்கும் பகுதி) போதுமா, பிரிவுக்கு ஒன்றாகப் பிரிக்கலாமா? யார் எதைப் பார்க்கலாம் என்பதை எப்படிச் செட் செய்வது?

ஒரே வால்யூம் போதும். பிரிக்க வேண்டாம்.

இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், நான் பிரித்துப் போட்டுப் பட்டவன். திருப்பூரில் சின்ன அலுவலகங்களுக்கு கம்ப்யூட்டர், நெட்வொர்க் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. முதன்முதலில் நாஸ் போட்டது ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில். விண்டோஸில் சி டிரைவ், டி டிரைவ் என்று பிரித்துப் பழகிய கை. அக்கவுண்ட்ஸ், மெர்ச்சன்டைசிங், ஹெச்.ஆர்., பொது என்று நான்கு வால்யூம் வெட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எட்டே மாதத்தில் மெர்ச்சன்டைசிங் வால்யூம் சாம்பிள் படங்களால் நிரம்பிவிட்டது. பக்கத்திலேயே ஹெச்.ஆர். வால்யூமில் இரண்டு டிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இதில் சேர்க்கலாம் என்றால், வால்யூமைப் பெரிதாக்க விடும் பெட்டி சிறிதாக்க விடவில்லை. எல்லாவற்றையும் வெளியே காப்பி எடுத்து, அழித்து, மறுபடி போட்டேன். கிகாபிட் லைனில் நொடிக்கு 110 எம்பி வந்தால் நல்ல வேகம். அப்போதே ஒரு டிபிக்கு இரண்டரை மணி நேரம். சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால் அந்த வேகமும் வராது. ஒரு சனி இரவும் ஞாயிறு முழுவதும் அங்கேயே போயிற்று.

வால்யூம் என்பது டிஸ்க்குக்கான ஏற்பாடு. ஆட்களைப் பிரிக்க ஷேர்டு ஃபோல்டர் இருக்கிறது. ஒரே வால்யூமில் பிரிவுக்கு ஒரு ஷேர்டு ஃபோல்டர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கோட்டா (இவ்வளவு இடம்தான் என்ற வரம்பு) வையுங்கள். யாருக்காவது இடம் போதவில்லை என்றால் கோட்டாவை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு: சிசிடிவி பதிவையும் அதே பெட்டியில் போடப் போகிறீர்கள் என்றால் அதற்கு மட்டும் தனி வால்யூம். கேமரா கொடுத்த இடத்தையெல்லாம் தின்றுவிட்டுத்தான் பழையதை அழிக்க ஆரம்பிக்கும்.

அடுத்து ரெய்டு: டிஸ்க் பழுதானாலும் ஃபைல்கள் போகாதபடி எல்லா டிஸ்க்கிலும் பரப்பி எழுதும் முறை. உங்கள் நான்கு டிஸ்க்கில் ரெய்டு 5 போட்டால் 12 டிபி கிடைக்கும், விண்டோஸ் வேறு கணக்கில் அதை 10.9 என்று காட்டும். ஒரு டிஸ்க் போனால் தாங்கும். ரெய்டு 6 என்றால் 8 டிபி, இரண்டு போனாலும் தாங்கும். ஆடிட்டர் அலுவலகத்துக்கு 8 தாராளம், எனவே என் ஓட்டு 6-க்கு. (ஓர் ஆடிட்டரிடம் போனில் "சார், ரெய்டு எப்போ போடலாம்?" என்று கேட்டுவிட்டு நான் பட்ட பாடு தனிக் கதை.)

அடுத்து, யாருக்கு என்ன உரிமை. ஆள் பெயரில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், குரூப் பெயரில் கொடுங்கள். ஆர்ட்டிகிள்ஸ் (சி.ஏ. பயிற்சி) பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்தில் முடித்துக் கிளம்பிவிடுவார்கள். ஆள் பெயரில் கொடுத்திருந்தால் யாருக்கு எந்த ஃபோல்டர் திறந்து கிடக்கிறது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. குரூப் என்றால் அவரை நீக்கி, புது ஆளைச் சேர்த்தால் முடிந்தது. உரிமை இல்லாத ஃபோல்டரைக் கண்ணிலேயே காட்டாமல் மறைக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். பூட்டிய கதவைப் பார்த்தால்தானே உள்ளே என்ன என்று கேட்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "திருத்தலாம், ஆனா யாரும் அழிக்கக் கூடாது" என்பார் முதலாளி. நியாயமாகத்தான் தோன்றும். நானும் டிலீட் உரிமையை மட்டும் எடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அக்கவுண்ட்ஸ் அக்கா போன்: "தம்பி, எக்செல் சேவ் ஆகமாட்டேங்குதுங்க. ஃபோல்டர் பூரா என்னென்னவோ பேர்ல ஃபைலா வந்து நிக்குது." போய்ப் பார்த்தால் எட்டு எழுத்துக் கலவையான பெயர்களில் வரிசையாகக் குப்பை. எக்செல் சேவ் செய்யும்போது பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. தற்காலிகப் பெயரில் புதிதாக ஒன்று எழுதி, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரை வைக்கும். நீக்கும் உரிமை இல்லையென்றால் பாதி வழியில் நின்றுவிடும். எனவே திருத்துகிறவருக்கு டிலீட்டும் கொடுத்தே ஆக வேண்டும். அழிந்துபோகும் பயத்துக்கு மருந்து ஸ்னாப்ஷாட்: அந்தந்த நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையை நாஸே பிடித்து வைப்பது.

வேலை நேரத்தில் மணிக்கு ஒன்று, இரவு ஒன்று என்று ஸ்னாப்ஷாட் வையுங்கள். மணிக்கணக்கில் எடுத்தவை இரண்டு நாள், இரவில் எடுத்தவை 30 நாள் இருந்தால் போதும். யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்து ஷேர் முழுவதையும் பூட்டினாலும், ஸ்னாப்ஷாட்டில் அது கை வைக்க முடியாது; நாஸின் அட்மின் பாஸ்வேர்டு அந்த கம்ப்யூட்டரில் இல்லாதவரை. ஒன்று: பெரிய ஃபைல்களை அழித்தும் பிடித்திருக்கும் இடம் குறையவில்லையே என்று கேட்பார்கள். ஸ்னாப்ஷாட் காலாவதியாகும் வரை குறையாது, பயப்பட வேண்டாம். ரெய்டும் ஸ்னாப்ஷாட்டும் பேக்கப் ஆகாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். வெளி டிஸ்க் ஒன்று வாரம் ஒருமுறை அலுவலகத்தை விட்டு வெளியே போகட்டும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. நாஸ் பெட்டிகளில் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். அதில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. "பட்டா மாறுதல் விண்ணப்பம்" என்பது நமக்குப் பதின்மூன்று எழுத்து. அதற்கோ புள்ளியும் கொம்பும் தனித்தனி, ஒவ்வொன்றும் மூன்று பைட். இடைவெளியோடு சேர்த்து 68 பைட். சாதாரண ஷேரில் சமாளித்துவிடலாம். என்கிரிப்ஷன் (மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றி எழுதுவது) போட்ட ஷேர்டு ஃபோல்டரில் சில பெட்டிகள் 143 பைட்டோடு நிறுத்திவிடும். ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் கட்சிக்காரர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், சர்வே எண் எல்லாவற்றையும் ஃபைல் பெயரிலேயே வைப்பார்கள். காப்பி செய்தபோது நூற்றுக்கணக்கில் வர மறுத்தன. டிஸ்க் பழுது என்று நினைத்து இரண்டு நாள் டிஸ்க்கையே சோதித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, எல்லோருக்கும் திறந்த ஃபோல்டர் ஒன்று இல்லாமல் அலுவலகம் நடக்காது. அதற்கு "பொது" என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். ஒரே வருடத்தில் கிடங்காகிவிடும். நான் "7 நாளில் அழியும்" என்றே பெயர் வைத்து, சொன்னபடி அழியவும் செட் செய்துவிடுவேன். ஓர் அலுவலகத்தில் இரண்டாவது வாரமே ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். தங்கை கல்யாணப் படங்கள் மொத்தத்தையும் அதில்தான் வைத்திருந்தாராம். இரவு ஸ்னாப்ஷாட்டில் இருந்தன. பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தேன், முதலாளியிடம் சொல்லவில்லை.