திரை கறுப்பானால் ஃபார்மட் செய்யாதீர்கள்: விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ், டிரைவர் கேள்விகள்

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆனதும் தஞ்சாவூரில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு லேப்டாப்புகள் வர ஆரம்பிக்கும். பாதிப் பேர் வாசலில் நின்றே சொல்லிவிடுவார்கள்: "லினக்ஸ் போட்டேன், திரை போயிடுச்சு, எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணிடுங்க." அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பொறுக்காது. திரையில் படம் வராதது ஒரு கோளாறு, டிஸ்க்கில் ஃபைல் இருப்பது வேறு விஷயம். படம் வராததற்காகப் பாடக்குறிப்பையும் குடும்பப் படங்களையும் அழிக்க வேண்டியதே இல்லை. இந்த முறை வந்த கேள்விகளில் கிராஃபிக்ஸ் டிரைவர் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை வைத்துச் சொல்கிறேன், மின்ட் என்ற வகையிலும் ஏறக்குறைய இதே வழிதான். கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில்.

பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் உபுண்டு மெனு வருகிறது. எண்டர் தட்டியதும் திரை கறுப்பாகி நின்றுவிடுகிறது, ஃபேன் மட்டும் ஓடுகிறது. என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டு உள்ள லேப்டாப். அப்பா தவணையில் வாங்கித் தந்தது, பயமாக இருக்கிறது சார். (பொறியியல் மாணவர், கும்பகோணம்)

தம்பி, லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணைத்துவிட்டு, நிதானமாகப் படியுங்கள்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுந்திருக்கும்போதே திரையின் அளவைத் தானே அமைக்கப் பார்க்கும். அதற்கு அந்தக் கார்டோடு பேசத் தெரிந்த டிரைவர் வேண்டும். பென்டிரைவில் என்விடியாவுக்காக இருப்பது நூவோ என்ற திறந்த மூல டிரைவர். கார்டு எப்படி வேலை செய்கிறது என்று வெளியிலிருந்து ஆராய்ந்து, ஆர்வலர்கள் பல வருடம் உழைத்து எழுதியது. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, நிறுவனம் கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) இல்லாமல் கார்டை முழுதாக இயக்க முடியாதபடி ஆகிவிட்டது. அதனால் புதுக் கார்டுகளில் நூவோ தடுமாறுகிறது, திரை கறுப்பாகிறது.

வழி இதுதான். அந்த மெனுவிலேயே 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும், முதலில் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது இல்லையென்றால் உபுண்டு வரியில் நின்று ஈ எழுத்தைத் தட்டுங்கள். சில வரிகள் திறக்கும். 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் வரியின் கடைசியில் 'குவயட் ஸ்பிளாஷ்' இருக்கும். அதற்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று ஒரே சொல்லாக அடித்து எஃப்10 தட்டுங்கள். திரை அமைக்கும் வேலையில் கர்னல் இறங்க வேண்டாம் என்று சொல்லும் சொல் அது. திரை வந்துவிடும். எழுத்துகள் கொஞ்சம் பெரிதாக, மங்கலாகத் தெரியலாம், இப்போதைக்கு அது போதும்.

இன்ஸ்டால் நடக்கும்போது 'தேர்ட் பார்ட்டி சாஃப்ட்வேர்' பற்றி ஒரு கட்டம் வரும், அதை டிக் செய்ய மறக்காதீர்கள். என்விடியாவின் சொந்த டிரைவர் அதன் வழியாகத்தான் வருகிறது. முடிந்து முதல் முறை பூட் ஆகும்போது மறுபடி கறுப்பானால் அதே வித்தையை இன்னொரு தடவை செய்யுங்கள். அப்புறம் ஒன்று: பென்டிரைவில் ஏற்றும் ஐஎஸ்ஓ ஃபைலைப் பழையதாக யாரிடமிருந்தும் காப்பி செய்து வைத்திருக்காதீர்கள். உபுண்டு 24.04 பதிப்பில் கடைசியாக வந்த திருத்த வெளியீட்டை இறக்கினால் அதில் புதிய கர்னல் இருக்கும். பாதி வம்பு அங்கேயே தீரும்.

நோமோட்செட் போட்டுத்தான் உபுண்டு ஓடுகிறது. ஆனால் யூடியூப் விட்டுவிட்டு வருகிறது, லேப்டாப் சூடாகிறது. லினக்ஸ் வேகம் என்றார்களே? (மன்னார்குடி)

நோமோட்செட்டை எங்காவது நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டீர்களா? அதுதான் காரணம். எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் பட்டை மாதிரிதான் அது, எலும்பு கூடிய பிறகும் கட்டிக்கொண்டே நடக்கக் கூடாது. அந்தச் சொல் இருக்கும்வரை கிராஃபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும், அதன் வேலையையும் சிபியுவே இழுக்கும்.

செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் கார்டு வேலை செய்யவில்லை என்று உறுதி. சரியான டிரைவரைப் போட்டுக்கொண்டு, ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற ஃபைலைத் திறந்து நோமோட்செட் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். பிறகு 'சுடோ அப்டேட்-கிரப்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டிரைவர் போட்டேன், எந்தப் பிழையும் காட்டவில்லை. ஆனால் 'என்விடியா-எஸ்எம்ஐ' அடித்தால் டிரைவரோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. நான்கு தடவை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். (எம்.எஸ்சி. மாணவி, மயிலாடுதுறை)

இந்த மாதம் இதே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் பலர் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் டிரைவர் போட்டதில் தப்பு இல்லை அம்மா. நடுவில் வந்த ஒரு நீலத் திரையைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

விண்டோஸோடு வந்த லேப்டாப்பில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கிக்கொண்டிருக்கும். கையெழுத்து இல்லாத எந்த டிரைவரையும் அது கர்னலுக்குள் விடாது. பல கணினிகளில் என்விடியா டிரைவர் உங்கள் கணினியிலேயே கட்டப்படுகிறது. அதற்கான கையெழுத்தும் அங்கேயே உருவாகிறது. அந்தக் கையெழுத்துக்கான சாவியை (எம்ஓகே, அதாவது மோக்) நம்பலாம் என்று நீங்கள் நேரில் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டது. நினைவிருக்கிறதா?

ரீஸ்டார்ட் ஆனதும், உபுண்டு வருவதற்கு முன்பே, நீல நிறத்தில் ஒரு திரை வரும். 'ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள்' என்று சொல்லி 10, 9, 8 என்று எண்ணும். அந்தப் பத்து நொடிக்குள் அழுத்தாவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும், அடுத்த தடவை வராது. டீ எடுக்க எழுந்து போனால் முடிந்தது. நீங்கள் நான்கு தடவையும் மானிட்டர் முன்னால் இருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபடி வரவழைக்கலாம். 'சுடோ மோக்யூட்டில் --இம்போர்ட்' என்று அடித்து, இடைவெளி விட்டு, வார், லிப், ஷிம்-சைன்டு, மோக் என்ற ஃபோல்டர் வரிசைக்குள் இருக்கும் 'எம்ஓகே டாட் டெர்' ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள். எம்ஓகே மூன்றும் பெரிய எழுத்து, அதில் மட்டும் கவனம். குறைந்தது எட்டு எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். வெறும் சின்ன எழுத்துகளாக இருக்கட்டும், அந்த நீலத் திரை அமெரிக்க விசைப்பலகை என்று நினைத்துத்தான் படிக்கும், குறியீடுகள் இடம் மாறிவிடலாம். ரீஸ்டார்ட். நீலத் திரை வந்ததும் ஒரு பட்டன், பிறகு 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்', பாஸ்வேர்டு, 'ரீபூட்'. உள்ளே வந்து 'என்விடியா-எஸ்எம்ஐ' அடித்தால் கார்டின் பெயரும் மெமரியும் கட்டம் போட்டு வரும்.

எதற்கு இவ்வளவு? பயாஸில் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் போதும் என்கிறான் நண்பன். (திருவாரூர்)

போதும், டிரைவர் ஏறிவிடும். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் நான் ஒருவரைத் தவிக்கவிட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஆய்வு மாணவி ஒருவர் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அவசரத்தில் செக்யூர் பூட்டை அணைத்தேன், உபுண்டு நன்றாக வந்தது. விண்டோஸைத் திறந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. பிட்லாக்கர், விண்டோஸின் டிஸ்க் பூட்டு. டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே அவருக்குத் தெரியாது. வாங்கிய இடத்தில் யாரோ ஒரு மின்னஞ்சலை வைத்து மைக்ரோசாஃப்ட் கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறார்கள், கீ அந்தக் கணக்கில் போய்விட்டது. மூன்று நாள் அவர் ஆய்வேடு உள்ளேயே இருந்தது. அவர் என் கடை பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்றாம் நாள் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கிப் பார்த்தேன். கீ கேட்காமல் திறந்தது.

அமைப்பு மாறியதால் பூட்டியது, பழையபடி வைத்தால் பெரும்பாலும் திறக்கும். நீங்கள் மாட்டிக்கொண்டால் முதலில் அதைச் செய்யுங்கள். மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பயாஸைத் தொடும் முன் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து 'மேனேஜ்-பிடிஇ -புரொடெக்டர்ஸ் -கெட் சி:' என்று கொடுங்கள். 48 இலக்கமும் வரும். போனில் படம் எடுத்தாலும் பரவாயில்லை, ஒரு நோட்டிலும் எழுதிவையுங்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருந்தால் அதையும் அப்போதே அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால் செக்யூர் பூட்டை அணைக்காமல் மேலே சொன்ன நீலத் திரை வழியிலேயே போங்கள். ஐந்து நிமிட வேலை.

வகுப்பில் புரொஜெக்டரை எச்டிஎம்ஐயில் மாட்டினால் விண்டோஸில் வருகிறது, லினக்ஸில் 'சிக்னல் இல்லை' என்கிறது. கேபிள் மாற்றியும் பார்த்தேன். (ஆசிரியை, நாகப்பட்டினம்)

டீச்சர், கேபிளை விட்டுவிடுங்கள். உங்கள் லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும், இன்டெல் ஒன்று, என்விடியா ஒன்று. லேப்டாப்பின் சொந்தத் திரை இன்டெல்லில் ஓடுகிறது. பல மாடல்களில் எச்டிஎம்ஐ துளை மட்டும் நேராக என்விடியாவோடு இணைந்திருக்கும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று யாராவது என்விடியாவை அணைத்துவைத்தால் அந்தத் துளையும் சேர்ந்து செத்துவிடும்.

டெர்மினலில் 'பிரைம்-செலக்ட் கொயரி' என்று கேளுங்கள். 'இன்டெல்' என்று பதில் வந்தால் 'சுடோ பிரைம்-செலக்ட் ஆன்-டிமாண்ட்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றால் என்விடியா டிரைவரே ஏறவில்லை, முதலில் அதைப் போட வேண்டும்.

ஏஎம்டி ரேடியான் கார்டு. நிறுவனத்தின் தளத்திலிருந்து எந்த டிரைவரை இறக்க வேண்டும்? (பட்டுக்கோட்டை)

ஒன்றையும் இறக்க வேண்டாம். ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015-லிருந்து கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. மிகப் புதிய கார்டாக இருந்து திரை ஒழுங்காக வரவில்லை என்றால் புதிய உபுண்டுவைப் போடுங்கள், அவ்வளவுதான்.

வீட்டில் பழைய டெஸ்க்டாப், ஜீஃபோர்ஸ் 210 கார்டு. 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதி காலியாக இருக்கிறது. (திருவையாறு)

காலியாக இருப்பதுதான் சரி. அந்தக் கார்டுக்கான கடைசி டிரைவர் 340 வரிசை, நிறுவனம் 2019 கடைசியோடு அதை நிறுத்திவிட்டது. யாராவது அதைத் தேடித் திணிக்கச் சொன்னால் கேட்காதீர்கள், புதிய கர்னலில் அது நிற்காது. புதுக் கார்டில் தடுமாறுகிற நூவோ, இந்த மாதிரிப் பழைய கார்டில் நன்றாகவே ஓடும். சுபுண்டு போன்ற இலகுவான டெஸ்க்டாப்பைப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

ஆல்பம் டிசைன் செய்கிறேன். போட்டோஷாப்புக்கு விண்டோஸ், பிளெண்டருக்கு லினக்ஸ். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் திரை போகிறது. தை முகூர்த்த வேலை குவிந்து கிடக்கிறது. (தஞ்சாவூர்)

டிரைவரை என்விடியா தளத்திலிருந்து 'டாட் ரன்' ஃபைலாக இறக்கிப் போட்டிருப்பீர்கள். விண்டோஸ் பழக்கம் அது. லினக்ஸில் டிரைவர் கர்னலோடு பொருந்தி நிற்க வேண்டும். கர்னல் மாறினால் டிரைவரையும் மறுபடி கட்ட வேண்டும். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து போட்டால் அந்தப் பொருத்தத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து கொண்டுவந்ததை அது கண்டுகொள்ளாது.

இன்றைக்கே வேலை முடிக்க வேண்டுமென்றால், பூட் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள், திரை வரும். வேலை முடிந்த பிறகு 'சுடோ என்விடியா-அன்இன்ஸ்டால்', அடுத்து 'சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்', அப்புறம் ரீஸ்டார்ட். திரையே வராத நிலையில் இருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மட்டும் உள்ள லாகின் வரும், அங்கிருந்தும் இதையெல்லாம் செய்யலாம்.

இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும்தான். லினக்ஸில் திரை அடிக்கடி மினுக்குகிறது. (திருத்துறைப்பூண்டி)

மின்சாரம் மிச்சம் பிடிக்கத் திரை செய்யும் ஒரு வேலை சில பேனல்களில் ஒத்துவருவதில்லை. முதல் பதிலில் நோமோட்செட் அடித்த அதே இடத்தில் 'ஐ915 புள்ளி எனேபிள் அடிக்கோடு பிஎஸ்ஆர் சமம் 0' என்று இடைவெளி இல்லாமல் அடித்து ஒரு தடவை பூட் செய்து பாருங்கள். மினுக்கல் நின்றால் கிரப் ஃபைலில் எழுதிவிடலாம். இது நோமோட்செட் மாதிரி இல்லை, நிரந்தரமாக இருக்கலாம்.

டிரைவர் அப்டேட் பாதியில் கரண்ட் போய்விட்டது. இப்போது உபுண்டு லோகோவோடு நிற்கிறது, விண்டோஸ் நன்றாக வருகிறது. (வேதாரண்யம்)

ஐப்பசி கார்த்திகையில் உங்கள் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. பேக்கேஜ் பாதி விரிந்த நிலையில் நிற்கிறது, அதை முடித்துவைத்தால் சரியாகிவிடும். பூட் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதில் 'ரெக்கவரி மோட்'. வரும் பட்டியலில் முதலில் 'நெட்வொர்க்', பிறகு 'டிபிகேஜி'. விட்ட இடத்திலிருந்து அதுவே தொடரும், கேட்கும் கேள்விக்கு ஒய் அடித்தால் போதும். வைஃபை அந்த நிலையில் கிடைக்காது. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டுக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் என்றால், யுபிஎஸ்ஸில் அரை மணி நேரம் தாங்குமளவு சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.