இரண்டாவது லிட்டரைக் குடித்தீர்களா?

போன மாதம் மூலம் பற்றிய ஒரு பதிலில் போகிற போக்கில் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாக கேமரா வைத்த டியூபை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற பரிசோதனை) என்று ஒரு வார்த்தை எழுதினேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். அதிலும் டியூப் விடுவதைப் பற்றி யாருக்கும் பெரிய பயம் இருப்பதாகத் தெரியவில்லை, குடலைச் சுத்தமாக்க முந்தின நாள் குடிக்கிற பேதி மருந்துதான் எல்லோர் வயிற்றையும் இப்போதே கலக்கியிருக்கிறது. சரி, இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு எனக்கு கொலோனோஸ்கோபி. வயது 58. 2 லிட்டர் தண்ணீரில் கலக்கும் பவுடர் கொடுத்து, பாதியை ராத்திரியும் மீதியை விடிகாலை 5 மணிக்கும் குடிக்கச் சொல்கிறார்கள். பவானியிலிருந்து ஈரோடு போக வேண்டும், வழியில் அவசரம் வந்தால் என்ன செய்வது? எல்லாவற்றையும் முந்தின நாள் சாயந்திரமே குடித்து முடித்துவிடலாமா?
— பெயர் வேண்டாம், பவானி

முடித்துவிடலாம், பேதியும் ஆகும், நீங்களும் நிம்மதியாகத் தூங்குவீர்கள். ஆனால் நீங்கள் தூங்கும்போது சிறுகுடல் தூங்காது. ராத்திரி முழுக்க அது பித்தமும் சளியுமாக எதையாவது பெருங்குடலுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும், அது முதலில் போய் விழுகிற இடம் வலது பக்கம். காலையில் உள்ளே கேமரா போகும்போது அங்கே மஞ்சளாக ஒரு பசை ஒட்டியிருக்கும். சாம்பார் சாப்பிட்ட தட்டை ராத்திரி கழுவாமல் போட்டால் காலையில் எப்படி இருக்கும், அதேதான். பாலிப் என்பது குடல் சுவரில் வளரும் சின்னக் கட்டி, பின்னாளில் புற்றாக மாறக்கூடியது. வலது பக்கத்தில் வரும் சில பாலிப்கள் காளான் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்காது, தட்டையாக, சுவரோடு சுவராகப் படுத்திருக்கும். அந்தப் பசைக்கு அடியில் இருந்தால் எவ்வளவு நல்ல டாக்டருக்கும் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. எனக்கு 51 வயதில் கொலோனோஸ்கோபி செய்துகொண்டபோது, ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நமக்கென்ன என்று சாயந்திரம் 6 மணிக்கு ஆரம்பித்து 9 மணிக்குள் இரண்டு லிட்டரையும் ஊற்றிக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் செய்தது என் நண்பன்தான். மயக்கம் தெளிந்ததும் போட்டோவைக் காட்டி, "இதே உன் பேஷண்ட் இப்படி வந்திருந்தா என்ன திட்டு திட்டியிருப்ப?" என்றான். மூன்று மாதம் கழித்து மறுபடி குடித்தேன், இந்த முறை ஒழுங்காக அலாரம் வைத்து.

கணக்கு இதுதான். இரண்டாவது பாதியை, பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன் ஆரம்பிக்க வேண்டும். குறைந்தது 2 மணி நேரத்துக்கு முன் முடித்துவிட வேண்டும், அதற்கப்புறம் தண்ணீர்கூடக் கூடாது, ஏனென்றால் மயக்க ஊசி போடும்போது வயிற்றில் தண்ணீர் நின்றால் மூச்சுக்குழாயில் ஏறும் ஆபத்து இருக்கிறது. (சில மருத்துவமனைகளில் இன்னும் முன்னதாகவே நிறுத்தச் சொல்வார்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.) உங்களுக்கு 10 மணி என்றால் 5 மணிக்கு முதல் டம்ளர், ஆறேகாலுக்குள் கடைசி டம்ளர். பெரும்பாலானவர்களுக்கு எட்டு மணி வாக்கில் அடங்கிவிடும். அதற்கப்புறம் கிளம்பினால் பவானியிலிருந்து ஈரோடு ஒன்றும் தூரமில்லை, பஸ் வேண்டாம், கார் சொல்லிக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று உள்ளே இருந்தால் மனசுக்கு தைரியம். அது சரிப்படாது என்றால் மதியத்துக்கு நேரம் கேளுங்கள். மதியம் என்றால் முழு மருந்தையும் அன்று காலையிலேயே குடித்துவிடலாம், ராத்திரித் தூக்கமும் மிச்சம்.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று மருத்துவமனையில் மூன்று விதமான மருந்து கொடுத்தார்கள். எது நல்லது? அப்பாவுக்கு சர்க்கரை 20 வருடமாக இருக்கிறது, கிரியாட்டினின் 1.9. அவருக்கும் இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
— ஒரு மகள், மதுரை

உங்கள் அப்பாவுக்கு எது என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கிரியாட்டினின் 1.9 என்றால் கிட்னி பலவீனம் என்று அர்த்தம், அப்படி இருப்பவர் சோடியம் பாஸ்பேட் சேர்ந்த மருந்தைத் தொடவே கூடாது. சின்ன பாட்டில், குடிக்க சுலபம், அதனாலேயே ஒரு காலத்தில் எல்லோரும் எழுதினோம். அப்புறம்தான் அந்த பாஸ்பேட் சிலருக்குக் கிட்னியில் படிந்து அதை நிரந்தரமாகக் கெடுக்கிறது என்று தெரிந்தது, 2008 கடைசியில் அமெரிக்க மருந்து ஆணையம் இருப்பதிலேயே கடுமையான எச்சரிக்கையை அதற்குப் போட்டது. மெக்னீசியம் சேர்ந்த மருந்தும் கிட்னி பலவீனமானவருக்கு வேண்டாம், வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறும்.

அவருக்கு ஏற்றது பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர். பெக் என்று சொல்வார்கள். இது உடம்பில் சேராது, உப்புகள் சமமாகக் கலந்திருப்பதால் உடம்பிலிருந்து தண்ணீரை இழுப்பதும் இல்லை, உள்ளே போன தண்ணீர் போகிற வழியில் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடும், அவ்வளவுதான். முன்பு இதையே 4 லிட்டர் குடிக்க வைத்தோம். இப்போது மலச்சிக்கல் இல்லாத சாதாரண ஆளுக்கு 2 லிட்டர் போதும் என்று வந்துவிட்டது. அப்பாவுக்கு 20 வருட சர்க்கரை என்பதால் குடல் மந்தமாக இருக்கலாம், கூடுதலாகக் கொடுத்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கிட்னியும் இதயமும் நன்றாக இருப்பவர்களுக்கு வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன. சல்பேட் உப்புகள் கலந்த சின்ன பாட்டில் ஒன்று: அரை லிட்டராகக் கலந்து குடித்துவிட்டு, அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு வந்து தலை சுற்றுகிறது என்பார்கள், சுற்றத்தானே செய்யும். இன்னொன்று பிக்கோசல்பேட், ஆரஞ்சு ஜூஸ் மாதிரி இருக்கும், அதற்கும் தண்ணீர் நிறைய வேண்டும்.

மாத்திரைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அப்பா சர்க்கரைக்கு டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் என்று எதாவது சாப்பிடுகிறாரா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சாப்பிட்டால் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், பட்டினியில் அது ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும், சர்க்கரை அளவு நார்மலாகக் காட்டும்போதே ஏற்றும் என்பதுதான் அதன் கெட்ட குணம். இன்சுலின் அளவையும் சர்க்கரை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள், குடல் முழுக்கக் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். ஸ்டென்ட் வைத்தவர்கள் குளோபிடோகிரல் போன்ற, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைத் தாங்களாக நிறுத்தவே கூடாது, இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான்.

மாசத்துக்கு ஒருமுறை எங்கள் அப்பத்தா விளக்கெண்ணெய் கொடுத்து பேதிக்குப் போக வைப்பார். அது போதாதா? அல்லது ஒரு எனிமா?
— வாசகர், காரைக்குடி

போதாது. பெருங்குடல் சுமார் ஐந்து அடி நீளம், எனிமா கடைசி வளைவோடு நின்றுவிடும். விளக்கெண்ணெய் வயிறு போக வைக்கும், ஆனால் சுவரைத் துடைத்து வைக்காது. எங்களுக்கு வேண்டியது துடைத்த சுவர்.

பவுடர் தண்ணீர் குமட்டுகிறது. போன தடவை பாதியிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். சர்க்கரை கலந்து குடிக்கலாமா?
— இல்லத்தரசி, திருநெல்வேலி

சர்க்கரை மட்டும் வேண்டாம். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. முன்பெல்லாம் மானிட்டால் என்ற இனிப்பான மருந்தைக் கொடுப்பார்கள், ஜூஸில் கலந்தால் சர்பத் மாதிரி இறங்கும். ஆனால் குடலிலுள்ள கிருமிகள் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். உள்ளே வாயு இருக்கும்போது பாலிப்பை வெட்ட மின்சாரம் கொடுத்தால்? குடலுக்குள்ளேயே வெடித்து ஒருவர் இறந்தது 1979-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதிலிருந்து இனிப்பு என்றாலே நாங்கள் கொஞ்சம் உஷார்.

குமட்டலுக்கு: மருந்தை முதலிலேயே கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள், ஜில்லென்று இருந்தால் பாதி நாற்றம் தெரியாது. ஸ்ட்ராவை நாக்கின் பின்பக்கம் வைத்து இழுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், நடுவில் வீட்டுக்குள்ளேயே நடங்கள். குமட்டினால் அரை மணி நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடருங்கள், விட்டுவிடாதீர்கள். போன தடவை வாந்தி எடுத்ததை இந்த டாக்டரிடம் சொல்லிவிட்டால் வாந்தி மாத்திரை ஒன்றை முன்கூட்டியே எழுதித் தருவார்.

முந்தின நாள் என்ன சாப்பிடலாம்? நெட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— வாசகி, தஞ்சாவூர்

நெட்டில் இருப்பது பிரெட், சிக்கன் சூப். நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். இட்லி, தயிரோடு. குழைந்த பச்சரிசிச் சோறு, வடிகட்டிய ரசம். தோலில்லாத உருளைக்கிழங்கு, முட்டை, மீன். நெட் மிரட்டுகிற மாதிரி மூன்று நாள் பட்டினியெல்லாம் தேவையில்லை, மலச்சிக்கல் இல்லாதவர்கள் முந்தின நாள் மட்டும் இப்படிச் சாப்பிட்டால் போதும். மதியத்துக்கு மேல் தெளிந்த திரவம் மட்டும்: இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், பால் இல்லாத டீ. மோர் தெளிந்த திரவம் இல்லை! ரோஸ் சர்பத், பீட்ரூட் ஜூஸ் வேண்டாம், உள்ளே பார்க்கும்போது ரத்தமா சர்பத்தா என்று குழம்புவோம்.

விதைதான் எங்கள் எதிரி. கருவியில் தண்ணீரை உறிஞ்சுகிற துவாரம் 4 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் ஒரு கொய்யா விதை, தக்காளித் தோல், முருங்கைக்காய் நார் போய் அடைத்தால் அவ்வளவுதான், கருவியை வெளியே எடுத்துக் கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை முழு மிளகாய் விதை ஒன்று, மூன்று நாள் பயணம் செய்தும் புத்தம் புதிதாக, லென்ஸின் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நர்ஸம்மா சொன்னார், "சார், இதை விதைச்சா முளைக்கும்." கீரை, கேழ்வரகு, கொள்ளு, எள்ளுப் பொடி எல்லாம் முடிந்தபின் ஆசை தீரச் சாப்பிடுங்கள்.

கணவரின் ரிப்போர்ட்டில் "போஸ்டன் 1-2-2, மீண்டும் செய்யவும்" என்று இருக்கிறது. ஒருமுறை பார்த்தாயிற்றே, காசு பிடுங்குகிறார்களா?
— வாசகி, சேலம்

இந்த விஷயத்தில் டாக்டர் பக்கம்தான் நான். அவர் நினைத்திருந்தால் "நார்மல்" என்று எழுதி அனுப்பியிருக்கலாம், உங்களுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். பெருங்குடலை வலது, நடு, இடது என மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றின் சுத்தத்துக்கும் 0 முதல் 3 வரை மார்க் போடுவதுதான் போஸ்டன் கணக்கு. ஒவ்வொன்றிலும் 2 வாங்க வேண்டும், கணக்குப் பாடத்தில் ஃபெயில் என்றால் ஃபெயில்தானே, தமிழில் நூறு வாங்கி என்ன பயன். உங்கள் கணவருக்கு வலது பக்கம் 1. பவானிக்காரருக்கு மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள், அவர் இரண்டாவது லிட்டரை எப்போது குடித்தார் என்று கேளுங்கள். ஒரு வருடத்துக்குள் மறுபடி செய்துவிடுங்கள்.

அண்ணனுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய். எனக்கு 41, ஒரு தொந்தரவும் இல்லை. மலத்தை டெஸ்ட் செய்தால் போதும் என்கிறார்களே?
— தம்பி, கோயம்புத்தூர்

உங்களுக்குப் போதாது. கூடப் பிறந்தவருக்கோ பெற்றவருக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 வருடம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி. உங்கள் கணக்குப்படி 38. ஏற்கெனவே 3 வருடம் தாமதம், இந்த மாதமே போய்ப் பாருங்கள்.

மல டெஸ்ட் மற்றவர்களுக்கு நல்ல வழிதான். பேதி மருந்து கிடையாது, பத்தியம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தால் காட்டிக்கொடுக்கும், வருடம் ஒருமுறை செய்ய வேண்டும். பாசிட்டிவ் வந்தால் "இன்னொரு லேபில் பார்ப்போம்" என்று அலையாமல் கொலோனோஸ்கோபிக்குப் போக வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்கள் எப்போது தொடங்குவது என்றால், அமெரிக்காவில் 2021-லிருந்து 45 வயது என்று வைத்திருக்கிறார்கள், கொலோனோஸ்கோபி சுத்தமாக இருந்தால் அடுத்தது 10 வருடம் கழித்து. ஏனென்றால் ஒரு பாலிப் புற்றாக மாற பெரும்பாலும் அவ்வளவு காலம் ஆகிறது. நம் நாட்டில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்குத்தான் அரசு முன்சோதனைத் திட்டம் இருக்கிறது, குடலுக்கு இல்லை. இங்கே நீங்களாகத்தான் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

ஆறு மாதமாக மலத்தோடு ரத்தம். மூலம் என்று மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போடுகிறேன். வயது 52.
— பெயர் வேண்டாம், விழுப்புரம்

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் "மூலம், பவுத்திரம்" போஸ்டரை நம்பி வருடக்கணக்கில் ஓட்டியவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மூலம் இருப்பவருக்குப் புற்றும் இருக்கலாம், ஒன்று இருந்தால் இன்னொன்று வராது என்று சட்டமில்லை. களிம்பை மூடி வையுங்கள். உங்களுக்கு வேண்டியது மல டெஸ்டும் இல்லை, நேராகக் கொலோனோஸ்கோபி.

எத்தனை தடவை போகும்? சுத்தமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?
— வாசகர், நாகர்கோவில்

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள். கடைசியில் வருவது வெளிர் மஞ்சளாக, சிறுநீர் மாதிரி, பீங்கானின் அடி தெரிகிற அளவு தெளிவாக இருந்தால் சரி. டீ நிறத்தில் கலங்கலாக இருந்தால் பரிசோதனைக்குப் படுப்பதற்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், முதல் டம்ளருக்கு முன்பே ஆசனவாயில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இதை எந்தச் சீட்டிலும் எழுதித் தரமாட்டார்கள், ஆறாவது தடவை உட்காரும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.