இரண்டு மரபு, ஒரே மூச்சு?

கேள்வி: காலையில் 16:64:32 மாத்திரைக் கணக்கில் (இழுக்க 16, அடக்க 64, விட 32) பிராணாயாமம் செய்கிறேன். உடனே சீனத் தாவோ மரபின் முறையில் 'அமர்ந்து மறத்தல்' பயின்றால் தலை கனக்கிறது. ஈசன் இல்லாத வழியில் போகிறேனோ என்ற உறுத்தலும் உண்டு.

பதில்: கனத்துக்குக் காரணம் பெரும்பாலும் கும்பகம், அதாவது மூச்சை உள்ளே அடக்குவது. திருமந்திரம் சொல்லும் அந்த அளவு தேர்ந்தவர்களுக்கானது. மூச்சை அடக்காமல் 4 எண்ணி இழுத்து, 8 எண்ணி விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கும்பகமே வேண்டாம். கனம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

'சுவாங்சு' என்னும் பழைய தாவோ நூலின் 6-ஆம் அத்தியாயத்தில் வரும் 'அமர்ந்து மறத்த'லில் எண்ணிக்கை கிடையாது. உடலையும் அறிவையும் நழுவவிடுவதுதான் பயிற்சி. எண்ணிய கையோடு உட்கார்ந்தால் மனம் எண்ணிக்கொண்டே இருக்கும். அரை மணி இடைவெளி விடுங்கள். மாலைக்கு மாற்றினால் இன்னும் நல்லது. தாவோ மரபு தொப்புளுக்குக் கீழே சொல்லும் ஆற்றல் மையமான தான்தியெனை, யோகத்தின் தொப்புள் சக்கரமான மணிபூரகம் என்று எண்ணிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இடமும் வேறு, வேலையும் வேறு.

உறுத்தல் நியாயமானதே. தாவோ ஈசனைப் போல் அருள் செய்யும் ஆளன்று. ஆனால் தாவோ கோயில்களில் 'மூன்று தூயோர்' முதலான தெய்வங்களுக்கு வழிபாடு உண்டு. 'தாவோதான் பிரம்மம்' என்று அவசரமாக முடிச்சுப் போட வேண்டாம். ஐயத்தை அப்படியே வைத்துக்கொண்டே இஷ்ட தெய்வத்துக்கு விளக்கேற்றலாம்.